பள்ளியும் புள்ளியும்

சொற்கள் பொதுவாகத் தம் பிறந்த நாளைச் சொல்வதில்லை. உழவர் நாவிலும் மீனவர் நாவிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ஒரு சொல்லை எடுத்து, இஃது இன்ன ஆண்டில் இன்னாரால் ஆக்கப்பட்டது என்று கூறுவது இயலாத காரியம். ஆயினும், மனிதர் திட்டமிட்டு ஆக்கிக்கொண்ட மொழிகளும் உலகில் உள. அவற்றுள் பெயர் பெற்றது எஸ்பெராந்தோ. சாமன்கோப் என்னும் யூதக் கண் மருத்துவர் 1887ஆம் ஆண்டில் வார்சா நகரில் அதனை வெளியிட்டார். அவர் பிறந்த பியாலிஸ்டாக் நகரில் ரஷ்யரும் போலந்தியரும் ஜெர்மானியரும் யூதரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். ஒருவர் மொழியை மற்றவர் பகை மொழியாகவே கண்டனர். எல்லோருக்கும் பொதுவான மொழி ஒன்று இருந்தால் இப்பகை தணியும் என்று அம்மருத்துவர் நம்பினார்.

எஸ்பெராந்தோ மொழியில் முஸ்லிம்கள் தொழும் இடத்துக்கு 'மொஸ்கேயோ' என்று பெயர். இச்சொல்லின் வேரைத் தேடிச் செல்வது கடினமன்று. ஈற்றிலுள்ள ஓகாரம் அம்மொழியில் பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் உரிய விகுதி. அதனைக் கழற்றிவிட்டால் எஞ்சுவது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளில் வழங்கும் சொல். அவற்றுக்குப் பின்னே நிற்பது 'மஸ்ஜித்' என்னும் அரபுச் சொல். நெற்றி நிலத்தில் பட வணங்கும் இடம் என்பது அதன் பொருள். ஐரோப்பியர் அந்த அரபுச் சொல்லைத் தம் நாவுக்கேற்பத் திரித்துக்கொண்டனர். ஆக்கப்பட்ட மொழி ஐரோப்பியரிடமிருந்து அதனைக் கடன் பெற்றது. இரண்டே அடியில் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

இதே கேள்வியை நம் நாட்டில் ஆக்கப்பட்ட ஒரு மொழிவடிவத்திடம் கேட்டால் என்ன விடை வரும்? அரபுத்தமிழ் என்று நம் முன்னோர் பெயரிட்ட எழுத்துமொழியைப் பற்றியே பேசுகிறோம். தமிழகத்தின் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களிலும், இலங்கையின் பேருவளை, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் ஊர்களிலும் அது வழங்கியது. அதில் தொழும் இடத்துக்குரிய சொல் எது? 'மஸ்ஜித்' என்பதுதான் விடையாக இருக்கும் என்று எவரும் எண்ணுவர். அரபு எழுத்தில் எழுதும் மொழிக்கு அரபுச் சொல்லை எழுதுவதைவிட எளிது வேறு என்ன இருக்கிறது? ஆயினும் அம்மக்கள் நாவில் நின்ற சொல் 'பள்ளி'. அச்சொல்லை எழுத அரபு நெடுங்கணக்கில் எழுத்தே இல்லை. எழுத்தில்லாத சொல்லை எழுதுவதற்காக எழுத்தையே ஆக்கிக்கொண்ட மக்களின் கதையை இங்கே ஆராய்வோம்.

*

அரபுத்தமிழ் எஸ்பெராந்தோவைப் போல இலக்கணம் முதல் சொல் வரை புதிதாகச் செய்யப்பட்ட மொழியன்று. அதன் இலக்கணம் தமிழிலக்கணம். வினைமுற்றும் வேற்றுமையுருபும் தமிழுக்குரியவை. சொற்களில் பெரும்பகுதி தமிழ். மார்க்கம் பற்றிய சொற்களில் அரபு மிகுதியாகக் கலந்திருக்கும். அங்கே ஆக்கப்பட்டது எழுத்து. ஒரு தனி மனிதர் அறையில் அமர்ந்து அதனை ஆக்கவில்லை. கப்பலோட்டிய வணிகரும், மார்க்கம் போதித்த ஆலிம்களும், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த லெப்பைமாரும் நூற்றாண்டுக் கணக்கில் இழைத்து இழைத்துச் செய்த ஆக்கம் அது.

உலகில் இவ்வாறு செய்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள் மட்டும் அல்லர். மலாய் மொழிக்கு ஜாவி எழுத்து உண்டு. மலையாளத்துக்கு அரபி மலையாளம் உண்டு. ஆபிரிக்காவின் கீழைக் கரையில் சுவாஹிலி மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. ஸ்பெயின் நாட்டில் முஸ்லிம்கள் ஒடுக்கப்பட்ட காலத்தில், அவர்கள் தம் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் மறைவாக எழுதி வைத்துக்கொண்டனர். குர்ஆன் ஓதுவதற்காகக் கற்ற எழுத்தைத் தாய்மொழி எழுதவும் பயன்படுத்துவது இயல்பான செயலே.

ஆனால் தமிழுக்கு அரபு எழுத்து எளிதில் பொருந்தவில்லை. அரபு நெடுங்கணக்கில் 28 எழுத்துக்கள் உள. அவற்றுள் பகரத்தின் வல்லொலி இல்லை. அரபியர் அதற்குப் பதிலாக மெலிந்த 'பா'வையோ, உதட்டில் காற்றூதும் 'ஃபா'வையோ ஒலிப்பர். நாவை மேலண்ணத்தில் மடித்து ஒலிக்கும் டகரமும் ணகரமும் ளகரமும் ழகரமும் அதில் இல்லை. ஙகரமும் ஞகரமும் இல்லை. எகர ஒகர உயிர்களைக் காட்டும் குறிகளும் இல்லை. அகரம், இகரம், உகரம் ஆகிய மூன்றே அங்கு உயிர்க்குறிகள்.

'பள்ளி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தான பகரம் அரபில் இல்லை. நடுவிலுள்ள ளகரமும் இல்லை. இரண்டு மெய்களே உள்ள சொல்லில் இரண்டும் இல்லாதவை! உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றலாம் என்றால், ளகரத்துக்குப் பதிலாக அரபின் 'லாம்' எழுத்தைத்தான் இடவேண்டும். அப்போது பள்ளி பல்லியாகிவிடும். தொழும் இடத்தைக் குறிக்கவந்த சொல் சுவரில் ஊரும் பிராணியைக் குறித்து நிற்கும்.

இந்தச் சிக்கலுக்கு இரண்டு வழிகள் இருந்தன. தமிழ்ச் சொல்லை விட்டுவிட்டு அரபுச் சொல்லை எழுதுவது ஒன்று. எழுத்தைத் திருத்துவது மற்றொன்று. நம் முன்னோர் இரண்டாவது வழியையே தேர்ந்தனர். அரபு எழுத்துக்களின் வடிவையே வைத்துக்கொண்டு, மேலும் கீழும் புதிய புள்ளிகளை இட்டனர். அவ்வாறு பகரம் பிறந்தது, ளகரம் பிறந்தது, டகரமும் ணகரமும் ஞகரமும் பிறந்தன. எகர ஒகரங்களுக்குத் தனிக் குறிகள் அமைத்தனர். ளகரம் இரட்டித்து ஒலிப்பதைக் காட்ட அரபின் 'ஷத்து' என்னும் குறி முன்னரே இருந்தது. இவ்வாறு, அரபு நாட்டார் ஒருவர் கையில் கொடுத்தால் அவர் திகைத்து நிற்கக்கூடிய எழுத்துக்களால், 'பள்ளி' என்ற சொல் பிழையின்றி எழுதப்பட்டது.

இச்செயலின் பொருளை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும். அரபு எழுத்து அம்மக்களுக்கு வெறும் எழுத்தன்று; இறைமறை எழுதப்பட்ட எழுத்து. அதில் கை வைப்பதற்கு அவர்கள் எவ்வளவு தயங்கியிருப்பார்கள்! ஆயினும், தாய் நாவில் வழங்கிய ஒலி சிதையக்கூடாது என்பதற்காக அப்புனித எழுத்தின் மேலேயே புள்ளி வைத்தார்கள். தமிழ் முஸ்லிம்களுக்குத் தமிழ்மேல் எத்துணைப் பற்று உண்டு என்று கேட்பாருக்கு, அந்தப் புள்ளிகளைக் காட்டினால் போதும்.

*

இனி, அவர்கள் இவ்வளவு பாடுபட்டுக் காத்த அச்சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம்.

'பள்ளி' திராவிட மொழிகளுக்குப் பொதுவான சொல். தெலுங்கில் 'பல்லெ' என்றும் கன்னடத்தில் 'ஹள்ளி' என்றும் சிற்றூரைக் குறித்து வழங்குகிறது. தமிழில் இடைச்சேரி, சிற்றூர், உறங்கும் இடம், அரண்மனை, தவத்தோர் உறைவிடம், கல்வி கற்கும் இடம் எனப் பல பொருள்களை அது தாங்கி நிற்கிறது. வடமொழியில் சிற்றூரைக் குறிக்கும் 'பல்லீ' என்ற சொல்லும் திராவிட மொழிகளிலிருந்தே சென்றது என்பது பர்ரோ, எமனோ ஆகிய மொழிநூலறிஞர் கருத்து.

எழுத்திலே இச்சொல்லை மிகப் பழைமையாகக் காண்பது மதுரைக்கு அண்மையிலுள்ள மாங்குளம் குகைக் கல்வெட்டுக்களில். கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த அக்கல்வெட்டு, நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனின் பணியாளன் ஒருவன் சமணத் துறவிக்குக் குகையில் உறைவிடம் அமைத்துக் கொடுத்ததைப் பதிவுசெய்கிறது. அவ்வுறைவிடத்தின் பெயர் பள்ளி. அக்காலத் தமிழி எழுத்தில் மெய்யெழுத்தை இரட்டித்து எழுதும் வழக்கம் நிலைபெறவில்லையாதலின், அது ஒற்றை ளகரத்தோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. துறவி படுத்து எழும் கல்லிடமே முதற்பள்ளி. பின்னர் மதுரைக்காஞ்சி எழுந்த காலத்தில் பௌத்தர், சமணர், அந்தணர் ஆகிய முத்திறத்தார் உறைவிடங்களும் பள்ளி எனப்பட்டன.

சமணத் துறவிகள் தம் பள்ளிகளில் சிறுவர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தனர் என்றும், அதனாலேயே கல்விக்கூடத்துக்குப் 'பள்ளிக்கூடம்' என்ற பெயர் அமைந்தது என்றும் அறிஞர் பலர் கூறுவர். சமணம் தமிழகத்தில் தேய்ந்த பின்னரும் அச்சொல் தேயவில்லை. அடுத்து வந்தோர் அதனை எடுத்துக்கொண்டனர்.

நம் கீழைக் கரையிலேயே இதற்கு ஒரு கல் சாட்சி உண்டு. திருகோணமலைக்கு அண்மையில் பெரியகுளத்தருகேயுள்ள வெல்கம் விகாரை ஒரு பௌத்த நிலையம். சோழர் இந்நாட்டை ஆண்ட 11ஆம் நூற்றாண்டில் அது 'இராசராசப் பெரும்பள்ளி' என்னும் பெயர் பெற்றது. விளக்கெரிக்கவும் பிற அறங்களுக்கும் தமிழர் அதற்கு வழங்கிய கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுக்கள் அங்கே கூறிக்கொண்டிருக்கின்றன. பௌத்தம் என்றால் சிங்களம், தமிழ் என்றால் சைவம் என்று பிற்காலத்தார் இழுத்த கோடுகளை அக்கற்கள் அறியா.

இரண்டு நூற்றாண்டுகளின் பின், இராமநாதபுரக் கரையில் அதே சொல் இஸ்லாத்தின் வாசலில் நிற்கிறது. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலிலுள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டொன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் 'சோனகச் சாமந்தப் பள்ளி'க்கு நிலக்கொடை அளிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. அப்பட்டினத்தை இன்றைய பெரியபட்டினம் என்று அறிஞர் அடையாளம் காண்கின்றனர். வைணவக் கோயிலின் சுவரில், முஸ்லிம்களின் பள்ளிக்கு, தமிழ் மன்னன் கொடுத்த கொடை! அங்கே பயின்றுள்ள 'சோனகர்' என்ற சொல்லும் நெடும்பயணம் செய்தது. கிரேக்கரைக் குறித்த 'யவனர்' என்பது 'யோனகர்' எனத் திரிந்து, பின் 'சோனகர்' என மருவி, மேற்கிலிருந்து வந்த அரபியரையும் அவர் வழியினரையும் குறித்தது என்பது பெரும்பாலோர் கொள்கை.

கேரளத்தில் 'பள்ளி' என்றால் முஸ்லிம்களின் தொழுமிடம். கிறித்தவரின் கோயிலும் அதுவே. கொச்சியில் 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதரின் தொழுமிடத்தையும் அந்நாட்டார் ஜூதப்பள்ளி என்றே அழைத்தனர். சிங்கள மொழியிலும் இச்சொல் 'பல்லிய' என்ற வடிவில் வழங்குகிறது. கிறித்தவ தேவாலயமும் அவர்களுக்குப் பல்லிய. முஸ்லிம்களின் பள்ளிவாசலும் பல்லிய. சமணர், பௌத்தர், அந்தணர், யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் ஆகிய இத்தனை சமயத்தாருக்கும் தங்க இடம் கொடுத்த சொல் வேறு எம்மொழியில் உண்டு?

*

கல்முனைக் கரையில் இச்சொல் எவ்வாறு வாழ்ந்தது என்பதை இனி நோக்குவோம். 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்தினின்றும் பிரித்து அமைக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் இது. மருதமுனையின் தறியோசை ஓய்கின்ற இடத்தில் பாண்டிருப்பின் திரௌபதையம்மன் கோயில் தொடங்குகிறது. கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு எனச் செல்லும் வீதி, விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவைத் தாண்டி நிந்தவூருக்குள் புகுகிறது. ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று அது மேலும் நீள்கிறது. முஸ்லிம் ஊரும் தமிழூரும் நெய்த பாயின் இரு நிறக் கோரைகள்போல் மாறிமாறி அமைந்துள்ளன. ஒரே வாய்க்கால் நீர் இருவர் வயலிலும் பாய்கிறது. வயலுடையவரை இருவரும் போடியார் என்றே அழைத்து வந்தனர்.

1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரைகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, கண்டி அரசன் செனரத் அவர்களுள் நாலாயிரம் பேர் வரையிலானோரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். அவர்களுக்கு முன்பே இக்கரையில் முஸ்லிம்கள் வாழ்ந்தனர். வந்தவரும் இருந்தவரும் இம்மண்ணின் குடிமுறைக்குள் இணைந்தனர். தாய்வழியே எண்ணப்படும் 'குடி' இங்கு இரு சமூகத்தாருக்கும் பொது. தமிழரின் கோயிலில் குடிதோறும் வண்ணக்கர் என்னும் பொறுப்பாளர் உண்டு. முஸ்லிம்களின் பள்ளியில் குடிதோறும் மரைக்காயர் உண்டு. பெயர் வேறு, அமைப்பு ஒன்று.

வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வதும், மருமகன் அவ்வீட்டில் வந்து வாழ்வதும் இக்கரையின் வழக்கம். எனவே மொழி தாயிடமிருந்து வந்ததுபோல வீடும் தாயிடமிருந்தே வந்தது. அரபுத்தமிழின் வரலாற்றில் பெண்களுக்குரிய பங்கை இங்கே குறிப்பிடாமல் செல்வது நீதியாகாது. அரசாங்கப் பாடசாலையின் படி மிதிக்காத பெண்பிள்ளையும் ஓதப்பள்ளிக்கூடத்தில் அரபு எழுத்தைக் கற்றாள். அவ்வெழுத்தின் வழியே அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் மாலைகளையும் மசாலாக்களையும் எடுத்துப் படித்தாள். தமிழ் எழுத்து அறியாதவள் தமிழைப் படித்தாள் என்பது விந்தையல்லவா? தமிழ் நெடுங்கணக்கை மட்டுமே எழுத்தறிவுக்கு அளவுகோலாகக் கொள்வோர் அவளைக் கல்லாதவள் என்றே எழுதுவர்.

'பள்ளி' மட்டும் தனியே நிற்கவில்லை. அதனைச் சூழ்ந்து ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. தொழுகை, நோன்பு, ஓதல், பெருநாள் ஆகியவை எல்லாம் நல்ல தமிழ். நோன்பு சமணரும் சைவரும் நோற்றது. ஓதல் மறையோரும் ஓதுவாரும் செய்தது. அதே வேளையில் ஈமான், ஹலால், ஹராம், துஆ முதலிய அரபுச் சொற்கள் அப்படியே எடுத்தாளப்பட்டன. சில சொற்களில் இரு மொழியும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. தொழுகைக்கு அழைக்கும் 'முஅத்தின்' நம் நாவில் 'மோதினார்' ஆனார். அரபு உடலுக்குத் தமிழ் மரியாதை விகுதி! இலக்கண ஆசிரியர் எவரும் சபை கூட்டி இதனைத் தீர்மானிக்கவில்லை. மக்கள் தமக்கு வேண்டியதை வேண்டிய இடத்திலிருந்து எடுத்துக்கொண்டனர்.

கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் சந்திக்கும் கரையில் 'கடற்கரைப் பள்ளி' நிற்கிறது. நாகூரில் அடங்கியுள்ள சாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம் நிகழும். இங்கே பள்ளி என்பது தொழும் இடத்தையும் கடந்து பெரியார் ஒருவரின் நினைவிடத்தையும் குறிக்கிறது. மாங்குளத்துத் துறவியின் உறைவிடத்துக்கும் இதற்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகள் உள்ளன. சொல் தன் பழைய பொருளை மறக்கவில்லை.

*

சொல்லின் வரலாறு இவ்வளவு பரந்ததாயிருக்க, அதனைப் பேசியவர்களின் வரலாறு குறுகிய வழிகளில் சென்றது. ஆட்சியாளரின் கணக்குப் புத்தகம் முதலில் அதற்கு வழி வகுத்தது. வட ஆபிரிக்க முஸ்லிம்களைத் தாம் அழைத்த பெயராலேயே போர்த்துக்கேயர் இலங்கைச் சோனகரையும் அழைத்தனர். ஆங்கிலேயர் அப்பெயரையே தம் குடிமதிப்பில் 'மூர்' என எழுதினர். மொரோக்கோவுக்குரிய பெயர் மருதமுனை நெசவாளியின் மேல் ஒட்டப்பட்டது.

1885ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபையில் பொன்னம்பலம் இராமநாதன் இந்நாட்டுச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். 1888ஆம் ஆண்டில் அக்கருத்து ராயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையின் ஏட்டில் கட்டுரையாக வெளிவந்தது. அவர் காட்டிய சான்றுகளுள் முதன்மையானது மொழி. இது வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று. சபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி அதன் பின்னே நின்றது. 1889ஆம் ஆண்டில் முஸ்லிம்களுக்கென ஓர் உறுப்பினர் நியமிக்கப்பட்டார். 1907ஆம் ஆண்டில் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு விரிவான மறுப்பு எழுதி வெளியிட்டார். மொழி ஒன்றாயிருப்பதால் இனம் ஒன்றாகிவிடாது என்பதும், சோனகரின் மூதாதையர் அரபியர் என்பதும் அவர் நிலை.

இருவர் வாதத்திலும் நாம் காணும் குறை ஒன்றே. இருவரும் சொல்லை நிலவுறுதிபோல் கருதினர். 'நீ என் மொழியைப் பேசுகிறாய். ஆகவே நீ எனக்குரியவன்' என்றார் ஒருவர். 'உன் மொழியைப் பேசினாலும் நான் உனக்குரியவன் அல்லன்' என்றார் மற்றவர். அம்மொழி இருவருக்கும் உரியது என்று இருவரும் கூறவில்லை. தமிழ் தமிழரின் உடைமை என்றும், முஸ்லிம்கள் அதில் வாடகைக்குக் குடியிருப்போர் என்றும் இரு பக்கத்தாரும் ஒப்புக்கொண்டதுபோல் ஆயிற்று. பள்ளியின் புள்ளிகளை அவர்கள் எண்ணிப் பார்த்திருந்தால், குடியிருந்தவர் வீட்டைப் பழுதுபார்த்தும் புது அறை கட்டியும் காத்துவந்த உரிமையாளர் என்பதைக் கண்டிருப்பர்.

அந்தக் குறுகிய வழி இறுதியில் எங்கே கொண்டு சேர்த்தது என்பதை நம் தலைமுறை கண்ணால் கண்டது. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடியில் இரண்டு பள்ளிகளில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். தமிழ் மொழியின் பெயரால் ஆயுதம் ஏந்தியோர், தமிழில் பெயர் பெற்ற ஓர் இடத்தில், தமிழ் பேசுவோரைக் கொன்றனர். அதே மாதம் 12ஆம் நாள் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் ஊர்காவற் படையினரால் கொல்லப்பட்டனர். பள்ளியும் கோயிலும் அடைக்கலம் என்னும் தம் பொருளை இழந்த மாதம் அது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் இஸ்லாத்தின் பெயர் சொல்லிய சிலர் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு நகரங்களின் தேவாலயங்களில் குண்டு வெடிக்கச் செய்தனர். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் வன்முறைக் கும்பல்கள் பள்ளிவாசல்களைத் தாக்கின. சிங்களம் பேசும் ஒருவர் இவ்விரண்டு செய்திகளையும் சொல்லும்போது, தாக்கப்பட்ட இடம் இரண்டுக்கும் ஒரே சொல்லையே கூறவேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு இருந்த அறிவு அதைப் பேசுவோர்க்கு இல்லாமற் போயிற்று!

*

இன்று இச்சொல் வேறொரு சோதனைக்கு உள்ளாகியிருக்கிறது. புதிதாக எழும் பெயர்ப் பலகைகளில் 'மஸ்ஜித்' என்ற சொல் பெருகிவருகிறது. தொழுகை 'ஸலாத்' ஆகிறது. நோன்பு 'ஸவ்ம்' ஆகிறது. அரபுச் சொற்களை விரும்புவோர்மேல் நாம் குறை கூறவில்லை. மறையின் மொழியோடு நெருங்கி நிற்கவேண்டும் என்பதும், உலகெங்குமுள்ள சகோதரரோடு ஒரே சொல்லால் பேசவேண்டும் என்பதும் நேர்மையான விருப்பங்கள். மஸ்ஜித் அழகிய சொல். இரண்டு சொற்களும் ஒரு வாசலின் இரு கதவுகள்போல் இருக்கலாம்.

ஆனால், பழைய சொல் மார்க்கம் அறியாதார் விட்டுச்சென்ற குப்பை என்று கூறுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. பள்ளி என்று எழுதியோர் அரபு அறியாதோரல்லர். அரபிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் இயற்றிய கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமும், அரபுத்தமிழில் குர்ஆன் விளக்கம் எழுதிய பேருவளை ஷெய்கு முஸ்தபாவும் அம்மரபில் வந்த பேரறிஞர். மறைமொழியில் தோய்ந்த அவர்கள், மக்களிடம் பேச மக்களின் மொழியையே கொண்டனர். அதுபோலவே, முஸ்லிம்கள் அரபுச் சொல் ஒன்றைச் சொன்னவுடன் தமிழைக் கைவிட்டார்கள் எனக் கூக்குரலிடும் தமிழ்ப் பற்றாளரோடும் நமக்கு உடன்பாடில்லை. ஆங்கிலச் சொல் நூறு கலந்து பேசும் நாவுக்கு அரபுச் சொல் ஒன்று மட்டும் கசப்பதேன்?

காரைதீவில் பிறந்த விபுலானந்தர் 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்தவர். அறிவியலுக்குத் தமிழில் சொல் இல்லை என்றோரிடம், இல்லையெனில் ஆக்கிக்கொள்வோம் என்று செய்துகாட்டிய அறிஞர் குழாத்தில் அவர் ஒருவர். அவர் ஊருக்கு இருபுறமும் உள்ள ஊர்களின் ஓதப்பள்ளிக்கூடங்களில் வழங்கிய அரபுத்தமிழும் அதே துணிவில் பிறந்ததே. அறிஞர் சபை சொல்லை ஆக்கியது. இவர்கள் எழுத்தை ஆக்கினார்கள். முன்னதைத் தமிழ் வளர்ச்சி என்று பாடநூலில் எழுதுகிறோம். பின்னதை எங்கே எழுதியிருக்கிறோம்?

அச்சு இயந்திரமும் பாடசாலையும் பரவிய பின் முஸ்லிம்கள் தமிழ் எழுத்திலேயே படிக்கவும் எழுதவும் தலைப்பட்டனர். அஃது இயற்கை, வரவேற்கத்தக்கது. அரபுத்தமிழை மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவர வேண்டும் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் குறைந்துவருகின்றனர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனையையும் கல்முனையையும் சாய்ந்தமருதையும் காரைதீவையும் ஒருங்கே அடித்தது. எந்த ஊர் எவருடையது என்று அது கேட்கவில்லை. வீடு போனபோது வீட்டிலிருந்த கிதாபும் போயிற்று. எஞ்சியவற்றைக் கறையான் தின்றுகொண்டிருக்கிறது.

ஆகவே செய்யவேண்டிய பணி தெளிவானது. இக்கரையோர வீடுகளின் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடக்கும் அரபுத்தமிழ் நூல்களைத் தேடித் திரட்டவேண்டும். ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் உள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர், முஸ்லிம்களும் தமிழரும் ஒன்றாக அமர்ந்து, அவ்வெழுத்தைக் கற்று, அந்நூல்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுத வேண்டும். தமிழ் இலக்கிய வரலாற்றில் 1572ஆம் ஆண்டின் ஆயிரம் மசலாவுக்கும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கியதோடு கடமை முடிந்ததென இருந்துவிடாமல், பெயர் தெரியாத லெப்பைமாரும் பெண்களும் காத்த இவ்வெழுத்துமொழிக்கும் இடம் தரவேண்டும். தமிழ்ப் பாடம் நடத்தும் ஆசிரியர் பள்ளி என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போது, பாடசாலை என்ற ஒரு பொருளோடு நிறுத்திவிடாது, மாங்குளம் முதல் மருதமுனை வரை அது வந்த வழியையும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும்.

எல்லோருக்கும் பொதுவான மொழியை ஆக்க விரும்பிய சாமன்கோப், அதற்காகப் புதிய மொழி ஒன்றையே செய்யவேண்டியிருந்தது. நமக்கு அந்தத் துன்பம் இல்லை. பொதுவான மொழி நம் நாவிலேயே இருக்கிறது. அதிலுள்ள சொற்கள் எத்தனையோ சமயத்தாரை ஏற்று இடமளித்துப் பழகியவை. அச்சொற்களுக்குள்ள விசாலம் நம் உள்ளத்துக்கும் வரவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.